கடலூர், புதுச்சேரிச் செய்தி டிவிக்கு எப்படிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகில இந்தியக் குழுமம் ஒன்றின் தமிழ்ச் செய்திச் சேனலுக்குக் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் செய்தியாளராக இருக்கிறேன். கையில் லோகோ மைக்கைப் பார்த்ததும் டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் கல்யாண வீட்டிலும் மக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள் வரும். போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

உங்க டிவி ஆபீஸ் கடலூர்ல எங்க சார் இருக்கு? ஸ்டுடியோவை வந்து பார்க்கலாமா?

ஸ்டுடியோ சென்னையில் இருக்கிறது. மாவட்டத்தில் இருப்பது ஒரு செய்தியாளர், ஒரு கேமராமேன், ஒரு வண்டி, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். சில சேனல்கள் மஞ்சக்குப்பம் பக்கம் ஓர் அறை எடுத்து வைத்திருக்கும். பலருக்கு வீடும் பைக்கும்தான் ஆபீஸ். இதற்கு அடுத்தபடியாகச் சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி என்று ஊருக்கு ஒருவர் பகுதி நேரமாக இருப்பார். அவர்களை ஸ்டிரிங்கர் என்போம். திட்டக்குடியில் ஒரு விபத்து என்றால் கடலூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முதலில் அங்கே நிற்பவர் அந்த ஊர் ஸ்டிரிங்கர்தான். டிவியில் அவர் முகமோ பெயரோ பெரும்பாலும் வராது.

புதுச்சேரி நிலவரம் வேறு. ஊர் சின்னதுதான், ஆனால் அது ஒரு தலைநகரம். சட்டப்பேரவை, முதலமைச்சர், துணைநிலை ஆளுநர் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான சேனல்கள் அங்கே தனிச் செய்தியாளர் வைத்திருக்கின்றன.

நேஷனல் சேனல்னா டெல்லியில உக்காந்துதானே செய்தி போடுறாங்க? நீங்க யாருக்கு வேலை பார்க்கறீங்க?

எனக்கு மேலே சென்னை டெஸ்க், அதாவது எங்கள் செய்திகளை வாங்கி, தேர்ந்தெடுத்துப் போடும் பிரிவு. சென்னைக்கு மேலே, அல்லது பக்கத்தில் என்று சொல்லலாம், குழுமத்தின் ஆங்கில, இந்தி சேனல்கள். அவை டெல்லி, நொய்டா, மும்பை என்று இருக்கும். கடலூரில் நான் எடுத்த காட்சி சென்னை சர்வருக்குப் போகிறது. டெல்லிக்காரர்களுக்கு வேண்டுமென்றால் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அதேபோல டெல்லியில் எடுத்த நாடாளுமன்றக் காட்சியைச் சென்னை தமிழில் பேசிப் போட்டுக்கொள்ளும். ஆள், கேமரா, பணம் எல்லாம் ஒரு குழுமம். எந்தச் செய்தியை எப்போது போடுவது என்பதை மட்டும் அந்தந்த மொழி டெஸ்க் முடிவு செய்யும்.

சாதாரண நாளில் டெல்லிக்குக் கடலூர் தேவைப்படாது. புயல் வந்தால் தேவைப்படும், புதுச்சேரியில் ஆட்சி ஆட்டம் கண்டால் தேவைப்படும். 2021 பிப்ரவரி 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது பேரவை வாசலில் எல்லா மொழி மைக்கும் நின்றன. அன்று புதுச்சேரிச் செய்தியாளர்கள் தமிழில் ஒரு லைவ், ஆங்கிலத்தில் ஒரு லைவ் என்று மாறி மாறிப் பேச வேண்டியிருந்தது.

அப்போ தூர்தர்ஷன் எந்தக் கணக்கு?

அது அரசு நிதியில், பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் நடப்பது. தூர்தர்ஷன் 1959இல் டெல்லியில் தொடங்கியது, சென்னைக்கு 1975இல் வந்தது. பிரசார் பாரதி 1997இல் அமைந்தது. நாம் பொதிகை என்று பார்த்துப் பழகிய சேனல் 2024 ஜனவரி முதல் டிடி தமிழ். புதுச்சேரியில் தூர்தர்ஷனுக்கு ஒரு நிலையமே இருக்கிறது. தனியார் சேனல் மாவட்டத்தில் ஆளை வைக்கும், நிலையம் கட்டாது. முக்கியமான வித்தியாசம் அதுதான்.

காலையில எழுந்து என்னதான் பண்ணுவீங்க?

போன் போடுவேன். காவல் கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை, அப்புறம் ஸ்டிரிங்கர்கள் என்று ஒரு சுற்று. பேப்பர் எல்லாவற்றையும் ஒரு பார்வை. அதற்குள் சென்னை அசைன்மென்ட் டெஸ்க் வாட்ஸ்அப் குழுவில் ‘டே பிளான் போடுங்க’ என்று எழுதியிருக்கும். இன்று மாவட்டத்தில் என்னென்ன நடக்கிறது, நான் எதை எடுக்கப் போகிறேன் என்று நாலைந்து வரியில் அனுப்புவேன். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் இப்படி வந்து குவியும். காலைக் கூட்டத்தில் டெஸ்க் எதைத் தள்ளுவது, எதற்கு லைவ் கொடுப்பது என்று முடிவெடுக்கும்.

திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலிலேயே போலீசார் பைகளைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து தீக்குளிக்க முயன்றுவிடக் கூடாதே என்ற பயம். உள்ளே பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, குடிநீர் என்று மனுக்களோடு வரிசை நீளும். நாங்கள் அந்த வரிசையின் கடைசியிலிருந்து தொடங்குவோம். முன்னால் நிற்பவர் அவசரத்தில் இருப்பார், கடைசியில் நிற்பவருக்குப் பேச நேரம் இருக்கும். பல நல்ல செய்திகள் எனக்கு அங்கேதான் கிடைத்திருக்கின்றன. வரிசையில் நின்றபடி அவர் பேசுவது பைட், மனுவும் கூட்டமும் விஷுவல், கடைசியில் நான் கேமராவைப் பார்த்துப் பேசுவது பிடிசி. இந்த மூன்றையும் எழுதிய ஸ்கிரிப்டோடு மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

எடுத்த வீடியோ சென்னைக்கு எப்படிப் போகுது? அந்தக் குடை வச்ச வண்டி எப்பவும் வராதே?

அது டிஎஸ்என்ஜி வேன். மேலே இருக்கும் குடை, செயற்கைக்கோளைப் பார்த்துத் திருப்பி வைக்கும் ஆன்டெனா. வண்டி, ஓட்டுநர், பொறியாளர் எல்லாம் செலவு. அதனால் தேர்தல், புயல், பெரிய திருவிழா என்றால்தான் வரும். வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம், சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் போன்ற நாட்களில் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் முதுகுப் பைதான். உள்ளே பல சிம் கார்டுகள் இருக்கும். ஒரே படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா சிம் வழியாகவும் அனுப்பும், சென்னையில் இருக்கும் சர்வர் அதை ஒட்ட வைக்கும். சின்னச் செய்தி என்றால் செல்போனே போதும். தொல்லை எப்போது வரும் என்றால், ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் போனைத் தூக்கி வீடியோ எடுக்கும்போது. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ டவர் திணறிவிடும், பையில் எத்தனை சிம் இருந்தாலும் படம் நகராது. அப்போது கேமராமேன் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுக்க, ஒருவர் பைக்கில் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய் அனுப்புவார்.

லைவ்ல ஆங்கர் கேள்வி கேட்டா ரெண்டு செகண்ட் முழிச்சிக்கிட்டு நிக்கறீங்களே, ஏன்?

கேள்வி இன்னும் எங்கள் காதுக்கு வந்திருக்காது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலையும் சேர்ந்தால் இன்னும் கூடும். மேலே சொன்ன முதுகுப் பையில், பிரிந்து போன துண்டுகள் வந்து சேரக் காத்திருக்க வேண்டும் என்பதால் தாமதம் அதைவிட அதிகம். காற்று வீசும் கடற்கரையில் இயர்பீசை விரலால் அழுத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

எங்க தெரு பிரச்சினையை நீங்களே வந்து எடுத்துட்டுப் போனீங்க. டிவில வரவே இல்லையே சார்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் வருத்தம். எடுத்துக்கொண்டு போகும்போது அந்தத் தெருவே நம்பிக்கையோடு பார்க்கும்.

அரை மணி நேரச் செய்தி என்றால் விளம்பரம் போக மிஞ்சுவது குறைவு. அதில் சென்னை அரசியல், டெல்லி, விளையாட்டு, வானிலை போக மாவட்டங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், அதோடு புதுச்சேரி. ரன்டவுன் என்ற வரிசைப் பட்டியலில் உங்கள் தெரு எட்டாவது இடத்தில் இருக்கும்போது ஒரு கட்சித் தலைவர் பேட்டி கொடுக்க ஆரம்பித்தால் அது பதினைந்தாவது இடத்துக்குப் போகும், பிறகு காணாமல் போகும். சில நேரம் திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் ஒரு வரியாகவோ சேனலின் யூடியூப் பக்கத்திலோ வந்திருக்கும். உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

டெஸ்க்கோடு சண்டை போடுவதும் என் வேலைதான். சண்டையில் ஜெயிக்க எனக்குக் கையில் ஆதாரம் வேண்டும். ‘சாக்கடை நாறுது’ என்றால் மாநிலம் முழுக்க நாறுகிறது என்பார்கள். எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், ஒப்புகைச் சீட்டு எங்கே, அதிகாரி என்ன பதில் சொன்னார், எத்தனை வீட்டுக்குப் பாதிப்பு என்று நீங்கள் எடுத்து வைத்திருந்தால் அந்தச் செய்தியைத் தள்ளிவிடுவது டெஸ்க்குக்குச் சுலபமில்லை.

நாங்க பாகூர். எங்க ஊர்ல நடந்ததைக் கடலூர்ச் செய்தின்னு போட்டீங்களே?

கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சென்னையில் வரைபடத்தைப் பார்த்தால் பாகூர் கடலூருக்குப் பக்கத்தில் தெரியும். ஆனால் அது புதுச்சேரி. இரண்டு அரசுகளின் கிராமங்கள் இங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. ஒரே சாலையில் போகும்போதே எல்லை மாறும். முள்ளோடையைத் தாண்டினால் காவல்துறை வேறு, மின்சாரம் கொடுப்பவர் வேறு, நிவாரணம் அறிவிக்கும் அமைச்சரும் வேறு. விபத்து எந்தப் பக்கம் நடந்தது என்று தெரியாமல் எழுதினால் தவறான அதிகாரியிடம் விளக்கம் கேட்டு நிற்போம்.

இதில் புதுச்சேரி என்ற ஒன்றிய ஆட்சிப் பகுதிக்கே நான்கு துண்டுகள்: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம். மாஹேயில் ஏதாவது நடந்தால் காட்சி எங்களிடம் வராது, மலையாள டெஸ்க்கிடமிருந்துதான் வாங்குவோம். குழுமம் ஒன்றாக இருப்பதன் உண்மையான பலன் அந்த நேரத்தில் தெரியும்.

வாட்ஸ்அப்ல வீடியோ வந்துடுச்சே, அதையே போட வேண்டியதுதானே? எதுக்கு லேட்டு?

லேட்டாவது அந்த வீடியோ எங்கே, எப்போது எடுத்தது என்று பார்ப்பதற்குத்தான். 2015 நவம்பர் வெள்ளத்தில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் எடுத்த காட்சிகள் ஒவ்வொரு மழைக்கும் புது வீடியோ போலச் சுற்றி வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணையில் வெள்ளம். அந்த நாட்களில் என் போனுக்கு வந்த வீடியோக்களில் எங்கெங்கோ எடுத்ததெல்லாம் இருந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வண்டி எண். டிஎன் 31 என்றால் கடலூர்ப் பதிவு, பிஒய் 01 என்றால் புதுச்சேரி. அப்புறம் கடைப் பெயர்ப் பலகை. போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி இருந்தால் அது புதுச்சேரி, அந்தத் தொப்பி பிரெஞ்சுக் காலத்து மிச்சம். சுவரில் இருக்கும் தேர்தல் விளம்பரம், பேசுபவரின் பேச்சு வழக்கு என்று வேறு தடயங்களும் உண்டு. இதெல்லாம் பார்த்த பிறகும் அந்தத் தெருவில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, ‘இப்போ உங்க வாசல்ல தண்ணி எவ்வளவு நிக்குது?’ என்று கேட்பேன். அனுப்பியவரிடம் மூல வீடியோவைக் கேட்பேன். பத்துப் பேர் கை மாறி வந்த பிரதியில் எடுத்த நேரம் இருக்காது.

புயல் நிலவரம், துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண், அணைத் திறப்பு ஆகியவற்றில் வாட்ஸ்அப்புக்கு இடமே இல்லை. வானிலைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம், கூண்டுக்குத் துறைமுக அலுவலகம், அணைக்கு ஆட்சியர் அல்லது நீர்வளத் துறை. இவர்களில் ஒருவர் சொல்லாமல் ‘அணை உடைந்தது’ என்று ஒரு வரி ஸ்க்ரோலில் போனால், இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் நம் ஊர் மக்கள். இந்த விஷயத்தில் எந்த டெஸ்க் அவசரப்படுத்தினாலும் நான் அசைவதில்லை.

காசு கொடுத்தா செய்தி போடுவாங்கன்னு சொல்றாங்களே?

யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சேனலின் சென்னை அலுவலகத்துக்கே போன் செய்து சொல்லுங்கள். விளம்பரத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கு ரசீது உண்டு. செய்திக்கு விலை கிடையாது.

ஆனால் வேர் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஸ்டிரிங்கருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. வராத செய்திக்குப் பெட்ரோலும் அவர் செலவு. அதையும் தாங்கிக்கொண்டு நேர்மையாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் தராத வரை இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். தேர்தல் காலத்தில் மட்டும் இதற்கு ஒரு காவல் உண்டு. காசு வாங்கிப் போட்ட செய்தியைக் கவனிக்க மாவட்டம்தோறும் ஊடகச் சான்றிதழ், கண்காணிப்புக் குழு இருக்கும்.

லோக்கல் கேபிள் டிவி நியூஸும் உங்க நியூஸும் ஒண்ணா?

இல்லை. நாங்கள் செயற்கைக்கோள் சேனல், ஒன்றிய அரசின் அனுமதி பெற்று நாடு முழுக்கப் போவது. உள்ளூர் கேபிள் சேனல் அந்த ஊர் இணைப்புகளுக்குள் மட்டும் ஓடும். கோயில் திருவிழாவை முழுதாகக் காட்ட அவர்களால்தான் முடியும். உள்ளூர்ச் செய்தி தரும் கேபிள் நிறுவனம் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2022இல் விதி வந்தது.

அமெரிக்காவுல ஊருக்கு ஊர் டிவி ஸ்டேஷன் இருக்காமே? என் பையன் சொன்னான். நமக்கு ஏன் இல்லை?

பையன் சொன்னது சரி. அங்கே ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற நெட்வொர்க்குகளோடு ஒப்பந்தம் போட்ட உள்ளூர் நிலையங்கள் இருக்கின்றன. பல நிலையங்களுக்கு உரிமையாளர் வேறு, உரிமம் அந்த ஊருக்கென்று வாங்கியது. மாலையில் ஊர்ச் செய்தியை அவர்களே தயாரித்துப் போடுவார்கள், தேசியச் செய்தியும் இரவு நிகழ்ச்சிகளும் நெட்வொர்க்கிலிருந்து வரும். ஊரில் பெரிதாக ஏதாவது நடந்தால் அந்த நிலையத்தின் காட்சி நெட்வொர்க்குக்குப் போகும். நாட்டையே 210 சந்தைகளாகப் பிரித்து விளம்பரம் விற்கிறார்கள். அதனால் ஊர்க் கடை விளம்பரத்திலேயே ஒரு செய்தி அறை பிழைக்க வழி இருக்கிறது.

இங்கே தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டும் என்று இருந்தது. தனியார் சேனல்கள் நேரே வானத்திலிருந்து மாநிலம் முழுமைக்கும் வந்துவிட்டன. கடலூர்ப் பார்வையாளருக்கு என்று தனியாக ஒரு நிமிடத்தைக்கூட வெட்டிக் கொடுக்க வழியில்லாத அமைப்பு இது. தெருப் பிரச்சினை பதினைந்தாவது இடத்துக்குப் போவதன் அடிப்படைக் காரணமும் அதுதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து தினம் அரை மணி நேரம் ஒரு செய்தி அறை இயங்கினால் நிரப்ப விஷயம் இல்லாமல் போகாது. சிப்காட் தொழிற்பேட்டைக் காற்று, நெய்வேலிச் சுரங்கத்துக்கு எடுக்கும் நிலம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று எனக்கே ஒரு பட்டியல் இருக்கிறது.

சில கேஸ்ல முகத்தை மறைச்சிட்டு ஊர் பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்களே, யாரைக் காப்பாத்துறீங்க?

பாதிக்கப்பட்டவரை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்பம், பள்ளி, தெரு என எதைச் சொன்னாலும் குற்றம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் அம்மா குரலையும் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் சின்ன ஊர் என்றால் ‘கடலூர் மாவட்டத்தில்’ என்பதோடு நிறுத்துவோம்.

உங்க சேனல்ல தப்பா செய்தி வந்தா யார்கிட்டப் போறது?

முதலில் சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில். ஒளிபரப்பான தேதி, நேரம், எது தவறு, சரியான தகவலுக்கு ஆதாரம் ஆகியவற்றைச் சேருங்கள். 2021இல் வந்த கேபிள் டிவி விதித் திருத்தப்படி 24 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் 15 நாளுக்குள் முடிவும் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கும் மேலே ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மேற்பார்வை. மாவட்டச் செய்தியாளரைத் திட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். தலைப்பையும் பின்னணி இசையையும் சேர்ப்பது பெரும்பாலும் அவர் இல்லை.

எழவு வீட்டுல போய் மைக்கை நீட்டறீங்களே, மனசாட்சி இருக்கா?

நீட்டக் கூடாது. டெஸ்க் ‘ரிலேடிவ் பைட் வேணும்’ என்று அவசரப்படுத்தும், பக்கத்தில் இன்னொரு சேனல் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் காரணமாகாது.

நான் செய்வது இது. கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போவேன். பெரியவர் ஒருவரிடம், ‘ஐயா, யாராவது பேச விரும்புகிறார்களா?’ என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரர், காவல் ஆய்வாளர், மருத்துவர் என்று பேச வேண்டியவர்களிடம் பேசுவேன். சில நேரம் குடும்பமே பேச வேண்டும் என்று கூப்பிடும், குறிப்பாகப் பட்டாசு ஆலை, ரசாயன ஆலை விபத்துகளில். அவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கும், கேட்க ஆள் இருக்காது. அப்போது உட்கார்ந்து முழுதும் எடுப்போம். அனுப்பும் முன் எந்தப் பகுதி வரக் கூடாது என்று கேட்டு வெட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். முழுக் காட்சியும் சென்னை சர்வருக்குப் போனால், அதில் எந்த நொடி முன்னோட்டத்தில் ஓடும் என்பது என் கையில் இல்லை.